ஒரு வண்டியில் இரண்டு பதிமூணு

1

இந்தக் கதை நான் யோசித்தது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வம்பு குறையும். என் தங்கை ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, சமையலறைத் தொட்டியில் கை கழுவிக்கொண்டே சொன்ன விஷயம் இது. அவள் கையில் ஒட்டிய கிரீஸ் லேசில் போகாது. சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்திலேயே முக்கால் கதை வந்துவிட்டது. கையைத் துடைத்தாள், கதையும் நின்றுவிட்டது.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? இறுக்கிட்டு வந்துட்டேன்."

"அவங்க ரெண்டு பேரும் என்ன ஆனாங்க?"

"அதை நான் எதுக்குக் கேக்கணும்? நான் போனது வயரிங் பார்க்கவா, குடும்பப் பஞ்சாயத்துக்கா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்று கத்துகிறவன் கதையாகிவிட்டது. கதையின் முதல் பாதி எனக்குத் தெரியும். நடுப்பாதி குழப்பம். முடிவு தெரியவே தெரியாது. தெரிந்தவன் போல எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே தெரியாதவனாகவே எழுதுகிறேன், நீங்களும் கூடவே தெரியாமல் வாருங்கள்.

2

என் தங்கையின் தொழில் வீட்டு வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பது. பஸ் மாதிரி ஒரு வண்டி. அதற்குள் கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார், குளியலறை எல்லாம் இருக்கும். கேரவன் என்றால் உங்களுக்கு உடனே சினிமாக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். இது அது இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு இதிலேயே வாழ்க்கை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எலி வளையானாலும் தனி வளை. இந்த வளைக்குச் சக்கரமும் உண்டு, அவ்வளவுதான்.

கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"இருள் அந்த வண்டியை மெல்ல விழுங்கத் தொடங்கியபோது, அவள் தன் விளக்கை —"

(நிறுத்திவிட்டேன். இருள் எதையும் விழுங்கவில்லை. அவள் முதலில் போனது நல்ல வெயிலில்.)

"சிவப்பு வயரைத் தொட்டாள். மின்சாரம் அவளைத் தூக்கி எறிந்தது."

இதை நான் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

"அது பன்னெண்டு வோல்ட்டு அண்ணா. யாரையும் தூக்கி எறியாது. பாவம் அது, ஒரு பல்பை எரிக்கிறதுக்கே மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு."

"அப்போ ஆபத்தே இல்லையா?"

"யாரு சொன்னா? ஆளைத்தான் அடிக்காது. வயரு உரசிச்சுன்னா வண்டியையே எரிச்சிடும். சாதுதான், ஆனா மிரளும்."

எனவே மூன்றாவது தொடக்கம்: ஒரு டிரைவரும் ஒரு தையல்காரம்மாவும் இருந்தார்கள். கணவன், மனைவி.

இது நிற்கட்டும். இதில் தப்பு கண்டுபிடிக்க அவளாலும் முடியவில்லை.

3

டிரைவர் பஸ் ஓட்டியவர். முப்பது வருஷம், ஒரே ரூட். காலையில் எந்த முனையில் வலதுபக்கம் திரும்பினாரோ அதே முனையில் சாயங்காலம் இடதுபக்கம் திரும்புவார். "ஒரு தடவையாவது என் இஷ்டத்துக்குத் திரும்பணும்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓய்வு பெற்றதும் வீட்டு வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். ஓட்டைச் சைக்கிளுக்குச் சாயம் பூசுகிறவர் போல மாசக்கணக்கில் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தார்.

தையல்காரம்மா முதலில் முடியாது என்றாள். அப்புறம் சரி என்றாள். வாடகைக்காரர்களை வீட்டில் குடிவைத்துவிட்டு, தையல் மிஷினைக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் திருகாணி போட்டு நிறுத்தி, கிளம்பிவிட்டார்கள். முதல் மாசத்தில் ஓர் ஏரிக்கரையில் வண்டி நின்றபோது அவள் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "இங்கேயே இருந்துடலாம் போல இருக்குங்க" என்று சொல்லிச் சிரித்தாள். டிரைவர் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. (இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கும் அப்போது இது முக்கியம் என்று தெரியாது.)

அதற்குப் பிறகுதான் விளக்கு மங்க ஆரம்பித்தது. எப்போதும் இல்லை, சில நாள் மட்டும். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் மோட்டார் முனகும்; மோட்டார் முனகினால் விளக்கு மஞ்சளாகும்; ஃப்ரிட்ஜ் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் பளிச்சென்று எரியும்.

இதற்கு நடுவில் வாடகைக்காரர்கள் கேட்டார்கள்: நாங்கள் இன்னும் மூன்று வருஷம் இருக்கலாமா, வேறு இடம் பார்க்கட்டுமா? பதில் சொல்ல மாசக் கடைசி வரைக்கும்தான் அவகாசம். டிரைவரும் தையல்காரம்மாவும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? என் தங்கையைக் கூப்பிட்டார்கள்.

"வண்டி சரியாச்சுன்னா ரோடு, ஆகலைன்னா வீடு" என்றார் டிரைவர். "நீ சொல்றதுதாம்மா."

"ஆமா, நீ சொல்றதுதான் கண்ணு" என்றாள் தையல்காரம்மா.

இருவரும் சேர்ந்து மூன்று வருஷ வாழ்க்கையைத் தூக்கி, அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டார்கள்.

4

முதல் தடவை போனபோது தங்கை ஒரு தப்பு செய்தாள். அதை எழுதாதே என்றாள். எழுதுகிறேன்.

இந்த வண்டியில் விளக்கு, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்குமான பேட்டரி கட்டிலுக்கு அடியில் இருந்தது. மீட்டரை அங்கே வைத்துத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் கட்டில் முழுக்கத் தையல்காரம்மா வெட்டிய துணியைப் பரப்பி வைத்திருந்தாள். கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம், சாக்பீஸ் கோடு கலையாமல். கலைத்தால் ஒரு நாள் வேலை போய்விடும். தங்கைக்கு மனசு வரவில்லை. கதவோரம் இருந்த ஃப்யூஸ் பெட்டியிலேயே மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தாள். வோல்ட் குறைவாகக் காட்டியது. பேட்டரியின் வயசைக் கேட்டாள். கிழட்டு வயசு.

"பேட்டரிதாங்க ஐயா போயிடுச்சு. மாத்திடலாம்."

"இவ்வளவுதானா?" என்று டிரைவர் கேட்டார்.

"அவ்வளவுதான்."

தையல்காரம்மா துணியை மடித்து எடுத்தாள். கட்டிலைத் தூக்கிப் புதுப் பேட்டரி வைத்தார்கள். விளக்கு பிரகாசமாக எரிந்தது. நான்கு நாள் கழித்து மறுபடியும் மஞ்சள்.

"கிழவன் தலையில பழியைப் போடறது சுலபம்" என்றாள் தங்கை, கதை சொன்னபோது. தப்பு செய்த கடுப்பு அவள் குரலில் இன்னும் இருந்தது.

5

இரண்டாவது தடவை காலையிலேயே போய்விட்டாள். இந்தமுறை விடுவதாக இல்லை. கூரையில் இருக்கிற சூரியத் தகட்டிலிருந்து சார்ஜ் சரியாக வருகிறதா என்று பார்த்தாள், வருகிறது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எது திருட்டுத்தனமாகக் கரண்ட் குடிக்கிறது என்று பார்த்தாள், எதுவும் குடிக்கவில்லை. மோட்டாரை ஓட்டி, மின்விசிறியைச் சுற்றவிட்டு, எல்லா விளக்கையும் போட்டாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டு அளந்தாள். வோல்ட் முழுசாக இருந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை!

"நேத்து சாயங்காலம் போச்சே கண்ணு" என்றாள் தையல்காரம்மா.

"இப்போ நல்லா இருக்கேம்மா."

"அதான் எனக்கும் புரியலை."

டிரைவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

* இங்கே ஓர் அடிக்குறிப்பு போல ஒன்று சொல்ல வேண்டும். எப்போதும் இருக்கிற கோளாறு பெரிய விஷயமே இல்லையாம். வந்து வந்து போகிற கோளாறுதான் தொழில்காரர்களின் எமன். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பல்வலி போய்விடுகிறதே, அந்த ரகம். தங்கை அன்று வீட்டுக்கு வந்து, "தலையும் புரியலை, வாலும் புரியலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

6

இந்த இடத்தில் எனக்குத் தையல்காரம்மா மேல் சந்தேகம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். முதலில் முடியாது என்றவள் அவள். சின்ன ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்கிறவள் அவள். விளக்கு மங்கினால் வேலை கெடுவதும் அவளுக்குத்தான், வீட்டுக்குத் திரும்பக் காரணம் கிடைப்பதும் அவளுக்குத்தான். நான் மடமடவென்று இப்படி எழுதினேன்:

"தையல்காரம்மா டிரைவர் தூங்குவதைப் பார்த்தாள். மெல்ல எழுந்தாள். அவள் உதட்டில் ஒரு —"

தங்கை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"உதட்டுல ஒரு என்னது?"

"ஒரு... கள்ளச் சிரிப்பு."

"வெட்கமா இல்லை உனக்கு? அந்த அம்மா எனக்கு வெயிலுன்னு பார்த்து ஓடிவந்து மோர் கலந்து கொடுத்தாங்க. அவங்களைப் போய் வில்லியாக்கறே!"

"மோர் கொடுத்தவங்க நட்டைக் கழட்டக் கூடாதா?"

"நட்டைப் பத்தி இன்னும் நீ சொல்லவே இல்லை. அதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

சரிதான். நட்டைப் பற்றி நான் உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கதையை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை, அதற்குப் பாவம் ஒரு தையல்காரம்மா மேல் பழி. அந்தக் கள்ளச் சிரிப்பை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் இங்கே விட்டுவைத்திருக்கிறேன்.

7

மூன்றாவது தடவை அவள் சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் போனாள். வண்டிக்குள் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கோளாறைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் அல்லவா!

டிரைவர் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். தையல்காரம்மா மட்டும் இருந்தாள். கட்டிலில் அன்று துணி இல்லை. தங்கை கட்டிலைத் தூக்கி நிறுத்தினாள். பேட்டரியின் மேலேயே மீட்டரை வைத்தாள்: பன்னிரண்டுக்கு மேல், கம்பீரமாக. கதவோர ஃப்யூஸ் பெட்டியில் வைத்தாள்: பத்தரைகூட இல்லை.

"பேட்டரி வயிறு நிறைய வெச்சிருக்கு, வீடு பசியில கிடக்கு" என்று அவள் எனக்கு விளக்கினாள். "அப்போ நடுவுல யாரோ பிடுங்கிச் சாப்பிடறாங்கன்னு அர்த்தம்."

கரண்டுக்குப் போகிற வழி ஒன்று, திரும்பி வருகிற வழி ஒன்று. போகிற வழி சிவப்பு வயர். அதை அளந்தாள், நஷ்டம் இல்லை. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. அந்த உடம்பிலிருந்து ஒரு கறுப்பு வயர் பேட்டரிக்கு வந்து சேர வேண்டும். அதை அளந்தாள். இரண்டு வோல்ட் அங்கேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது.

கறுப்பு வயர் பேட்டரியிலிருந்து பலகைக்குப் பின்னால் போய், மூலையில் ஒரு நட்டில் முடிந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கையை நீட்டித் தொட்டாள். நட்டு விரலோடு சுற்றியது. பேட்டரி மாற்றிய அன்று இந்த வயர் அசைந்ததில்தான் விளக்கு தற்காலிகமாகப் பிரகாசித்திருக்க வேண்டும்.

ஒரு நட்டு! மொத்த வீடும் அந்த ஒரு நட்டை நம்பித்தான் இருந்திருக்கிறது.

அவளுடைய ஸ்பேனர் பெட்டி வெளியே ஸ்கூட்டரில் இருந்தது. படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கச் சோம்பல்.

"அம்மா, பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் ஏதாவது இருக்குமா?"

தையல்காரம்மா எது பதிமூணு என்று கேட்கவில்லை. தேடவும் இல்லை. நூல்கண்டு டப்பாவைத் திறந்து, பாபின்களுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். பதிமூணு. கொடுத்துவிட்டு, "துணி காயப்போட்டிருக்கேன், எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவசரமாக வெளியே போனாள்.

தங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி கிடந்தாள். அப்போது டிரைவர் தண்ணீர்க் கேனோடு ஏறி வந்தார். தூக்கி நிறுத்திய கட்டிலைப் பார்த்தார். கேனை வைத்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பதிமூணுதானேம்மா வேணும்?"

அவள் இன்னும் எதுவுமே கேட்கவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து நட்டும் தெரியாது, அவள் கையும் தெரியாது.

இப்போது அவளுடைய இரண்டு கையிலும் இரண்டு பதிமூணு. நட்டைப் பார்த்தாள். முனையெல்லாம் புதுசாகத் தேய்ந்து மினுமினுத்தது. ரோட்டின் குலுக்கலில் நட்டு கழலும், உண்மைதான். ஆனால் குலுக்கல் நட்டின் முனையைத் தேய்க்காது. ஸ்பேனர்தான் தேய்க்கும்.

8

இதற்கு மேல் எனக்குத் தெரிந்தது ஊகம்தான். நான் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று. தையல்காரம்மா தளர்த்துகிறாள், டிரைவர் இறுக்குகிறார். வீட்டுக்குப் போகணும் என்று அவளுக்கு ஆசை. கனவு கெட்டுவிடக் கூடாதே என்று அவருக்குப் பயம். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் மோர் கலந்து கொடுத்தவள்.

இரண்டு. டிரைவர் தளர்த்துகிறார், அவள் இறுக்குகிறாள். கனவு கண்டவருக்கே கனவு அலுத்துப்போயிற்று. இஷ்டத்துக்குத் திரும்பலாம் என்று வந்தவருக்கு, எங்கே திரும்புவது என்று தினமும் முடிவெடுப்பதே பாரமாகிவிட்டது. சொன்னால் மானம் போய்விடும். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இருக்கிறார். அவளோ அவர் ஆசைக்காக இறுக்கி வைக்கிறாள்.

மூன்று. யாருமே தளர்த்தவில்லை. வண்டியின் குலுக்கலில் அதுவாகவே தளர்கிறது. ஆளுக்கு ஒரு நாள் தற்செயலாகக் கண்டுபிடித்து, மற்றவர் கவலைப்படக் கூடாதே என்று சத்தமில்லாமல் இறுக்கி வைக்கிறார்கள். (இது ரொம்ப இனிப்பு. எனக்கே திகட்டுகிறது. ஆனால் நடக்காது என்று எப்படிச் சொல்வேன்?)

"நீ என்ன நினைக்கறே?" என்று தங்கையைக் கேட்டேன்.

"நட்டு லூஸா இருந்துச்சுன்னு நினைக்கறேன்."

9

அவள் செய்தது இது. அந்த இரண்டு ஸ்பேனரில் எதையும் உபயோகிக்கவில்லை. டிரைவர் தண்ணீரை ஊற்றப் போன சமயம் பார்த்து ஒன்றைப் பாபின்களுக்கு அடியில் வைத்தாள், மற்றதைச் சீட்டுக்கு அடியில் வைத்தாள். ஸ்கூட்டரிலிருந்து தன்னுடைய நீளக் கைப்பிடி ஸ்பேனரைக் கொண்டுவந்தாள். நட்டுக்கு அடியில் கரண்டை மறித்த பெயிண்டைச் சுரண்டினாள். பல் வைத்த வாஷரும் கழலாத புது நட்டும் போட்டு, பலம் கொண்ட மட்டும் இறுக்கினாள். விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. மோட்டாரைப் போட்டாள், விளக்கு அசையவில்லை.

"இனிமே இது இந்த ஜென்மத்துக்கு அசையாது" என்று இருவர் முன்னாலும் சொன்னாள்.

"அப்போ ரோடுதான்" என்றார் டிரைவர்.

"ரோடுதான்" என்றாள் தையல்காரம்மா, காய்ந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை வாடகைக்காரங்களுக்குச் சொல்லிடலாம்."

இருவரும் சிரித்தார்களாம்.

"எப்படிச் சிரிச்சாங்க?"

"எப்படின்னா? பல்லு தெரிஞ்சுது."

"சந்தோஷமாவா?"

"அண்ணா, நான் மீட்டரை பேட்டரியில வெச்சுப் பார்ப்பேன். ஆளுங்க மேல எந்த இடத்துல வெக்கறதுன்னு எனக்குத் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு ஸ்பேனரையும் மேஜையில் போட்டு, இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மூன்று வருஷம்! கேட்டேன். அவளுக்கும் கோபம் வந்தது. "கேட்டு, நாலு மாசமா மூடி வெச்சதை நான் திறந்துவிட்டு, ரெண்டு பேரும் முகத்தைத் தொங்கப் போட்டு நின்னா, அதுக்கு எந்த நம்பர் ஸ்பேனர்?" என்றாள். இந்தக் கதையை நான் இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கடைசி வரிகூட எழுதிவிட்டேன்: "வண்டி வெளிச்சத்தோடு கிளம்பி —"

10

அந்த வரியை முடிக்க விடாமல் ஃபோன் அடித்தது. இன்று சனிக்கிழமை மத்தியானம். நாளைக்கு அவர்கள் வாடகைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் ஃபோனைத் தட்டிச் சத்தமாகப் பேசும்படி வைத்தாள். டிரைவர்.

"ஏம்மா, அந்த நட்டை எப்படிக் கழட்டறது?"

தங்கை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "எதுக்குங்க ஐயா?"

"சும்மாதான்... துடைச்சு வெக்கலாமேன்னு."

"அதைத் துடைக்க வேண்டாங்க ஐயா."

அவர் குரல் இறங்கிவிட்டது.

"எனக்கு முடியலைம்மா. தினம் ஒரு புது இடம், தினம் ஒரு புது வழி. பழைய முனையில பழையபடி திரும்பினாப் போதும்னு இருக்கு. ஆனா அந்த ஏரிக்கரையில அவ சிரிச்சதை நான் பார்த்தேன். அவ ஆசையா இருக்கா. அவகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? கரண்ட் சொல்லட்டுமேன்னு நினைச்சேன். பொழுது சாயறப்போ தளர்த்திடுவேன். ராத்திரி அவ மங்கல் வெளிச்சத்துல ஊசியில நூல் கோக்க முடியாம முழிக்கிறதைப் பார்த்தா மனசு கேக்காது, காலையில இறுக்கிடுவேன். நீ அவகிட்ட சொல்லிடாதே."

வைத்துவிட்டார். நான் தங்கையைப் பார்த்தேன். இரண்டாவது விதம்தான்! என் ஊகம் பலித்துவிட்டது என்று எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் மறுபடியும் அடித்தது. அதே நம்பர். தையல்காரம்மா.

"கண்ணு, அந்த நட்டு ரொம்ப இறுக்கமா இருக்கே?"

"இறுக்கமாத்தாம்மா இருக்கணும்."

"இல்லை... இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கொஞ்சம் தளர்வா இருந்தாத் தேவலை." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எனக்கு என் வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்துல மிஷினைப் போட்டு உக்காரணும் கண்ணு. அவ்வளவுதான். ஆனா முப்பது வருஷம் ஒரே ரோட்டுல போய் வந்தவரு. அவரு முகத்தைப் பார்த்து வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நான் தளர்த்தி வெச்சா, அவரு ராவெல்லாம் தூங்காம ஃப்ரிட்ஜுகிட்டயே உக்காந்திருப்பாரு. பாவம்னு, அவரு அங்கேயே கண் அசந்ததும் விடியறதுக்குள்ள இறுக்கிடுவேன். அவர்கிட்ட சொல்லிடாதே."

வைத்துவிட்டாள்.

என் மூன்று விதத்திலும் இது இல்லை! தளர்த்தியவர்கள் இருவர், இறுக்கியவர்களும் இருவர். அப்படியென்றால் எந்தச் சாயங்காலம் யார் தளர்த்தினார்? ஒருவர் தளர்த்தப் போய், ஏற்கெனவே தளர்ந்திருப்பதைப் பார்த்துக் குழம்பவில்லையா? காலையில் இறுக்கப் போய், ஏற்கெனவே இறுகியிருப்பதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? வண்டியின் குலுக்கல் என்றா? ஒரே கட்டில், அதற்கு அடியில் ஒரே நட்டு, அதன் மேல் இருவரும் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது. அவர்களை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது, எது முதலில் என்று தெரியவில்லை.

11

முடிவுகள்.

(அ) தங்கை போய் நட்டைத் தளர்த்திவிடுகிறாள். "இந்த வண்டி தேறாதுங்க" என்று பொய் சொல்கிறாள். அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். ஆயுசுக்கும் ஒருவர் மற்றவரைப் பார்த்து, பாவம், என்னால் உன் ஆசை போச்சே என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருப்பார்கள். ("நான் தளர்த்த மாட்டேன். இறுக்கின நட்டைத் தளர்த்தற தொழிலு என்னோடது இல்லை," என்கிறாள் தங்கை.)

(ஆ) பேசாமல் இருக்கிறாள். அவர்கள் இன்னும் மூன்று வருஷம், இருவருமே விரும்பாத ரோட்டில், பிரகாசமான வெளிச்சத்தில், ஒருவருக்காக ஒருவர் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.

(இ) உண்மையைச் சொல்லிவிடுகிறாள். சொல்லாதே என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். சொன்னால் இவ்வளவு நாள் ஒளித்ததற்கு வெட்கப்படுவார்களா, விழுந்து விழுந்து சிரிப்பார்களா? வெட்கம் என்று ஒரு தாளில் எழுதினேன், சிரிப்பு என்று இன்னொரு தாளில் எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

தங்கை தட்டைக் கழுவிக்கொண்டே ஒன்று சொன்னாள். "அவங்களுக்கு இருக்கிறது ஒரே ஃபோன் அண்ணா. ரெண்டு பேரும் அதுலதான் கூப்பிட்டாங்க. யாரைக் கூப்பிட்டோம்னு அதுலயே நிக்குமில்ல? யாராவது ஒருத்தர் எடுத்துப் பார்த்தா..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. ஃபோன் மறுபடியும் அடிக்கிறது. அதே நம்பர்.

அவராக இருக்கலாம். அவளாக இருக்கலாம். பார்த்துவிட்டார்களோ என்னவோ, இருவரும் சேர்ந்துகூட உட்கார்ந்திருக்கலாம், தூக்கி நிறுத்திய கட்டிலுக்குப் பக்கத்தில், நடுவில் இரண்டு பதிமூணோடு. எடுத்தால்தான் தெரியும். எடுத்ததும் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"நீதானே கதை எழுதறே, நீயே எடுத்துச் சொல்லு" என்கிறாள் தங்கை. அவள் கை முழுக்கச் சோப்பு. என் கையில் பேனா, கீழே வைக்கத் தைரியம் இல்லை.

உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? எடுங்கள், அடித்து ஓயப்போகிறது.